துளையிடாத செவிகள்

எங்கள் உறவினர் இல்லங்களிலிருந்து காதுகுத்து அழைப்பு வரும்போதெல்லாம், இதனை எழுதிவைக்க வேண்டும் என்று எண்ணுவேன். விருந்துண்டு திரும்பியபின் மறந்துவிடுவேன். இனி மறத்தல் தகாது. என் தங்கையின் மகள் அண்மையில் ஆண்மகவு ஒன்றை ஈன்றிருக்கிறாள். தாய்வழியே இறங்கி ஆண்மக்களைப் பற்றும் குறையொன்று எங்கள் குடும்பத்தில் உண்டு. அதனை அறியாத கை எதுவும் அக்குழந்தையின் செவியில் ஊசி வைத்துவிடலாகாது.

சிறு கீறல் பட்டாலும் என் குருதி எளிதில் உறைவதில்லை. பதுளையில் ஓர் ஆங்கில மருத்துவர் இதற்கு நீண்டதொரு பெயர் சொன்னார். யான் குருதியுறையாமை என்றே வழங்குகிறேன். என் அன்னையின் தமையனார் இளமையில் காதுகுத்திய புண்ணாலேயே மாண்டார். அதனால் என் செவிகளை எவரும் தீண்ட அன்னை விடவில்லை. பதுளைக் கடைத்தெருவில் துணி வணிகம் செய்து நன்றாகவே வாழ்ந்திருக்கிறேன். சவரக்கத்தியை விலக்கித் தாடி வளர்த்தேன். வேண்டுதல் என்று ஊர் எண்ணியது, யான் மறுக்கவில்லை. உள்ளே குருதி கசிந்து முழங்கால் வீங்கினால், எண்ணெய் தேய்த்து நீவ வருவோரை வணங்கி அனுப்பிவிட்டு, ஈரத்துணி சுற்றி அசையாது கிடப்பேன். அவர்கள் அன்போடு நீவினால் வீக்கம் இருமடங்காகும்.

என் தங்கை பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை நடத்தும் பெரிய கங்காணிக்கு வாழ்க்கைப்பட்டவள். பல்லாண்டுகளுக்கு முன் அவளுடைய தலைமகனுக்குக் காதுகுத்து என்று செய்தி வந்தது. தாய்மாமன் மடியில் இருத்தித்தான் குத்துவார்கள். மாமன் மறுத்தால் உறவே அறுந்தது போலாகும். மறுப்பதற்கென்றே யான் புறப்பட்டேன்.

தங்கையின் கணவர் பண்டாரவளைக்கு வந்து அழைத்துச் சென்றார். மழையில் ஊறிய மலைப்பாதையில் எங்கள் இருவர் கணுக்காலிலும் அட்டை கடித்தது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி இரண்டையும் அவரே உதிர்த்தார். உணவுக்கு அமருமுன் அவருக்குக் குருதி நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை.

உண்டு முடித்ததும், குழந்தைக்குக் காது குத்த வேண்டாம் என்றேன். கங்காணியாரின் அக்காள் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“சீரு செய்ய மனசில்லாட்டி நேராச் சொல்லிப்புடணும். அதுக்கு எதுக்கு ரத்தம் கித்தம்னு கதை?”

“சீரு பின்னால வண்டியில வருது மதினி. தூக்க ஆள் அனுப்புங்க.”

“பொட்டப்புள்ளைக கூடச் சிரிச்சுக்கிட்டே குத்திக்குதுக. மாமன்காரரு ஊசியப் பாத்து நடுங்குறாரு.”

மறுநாட்காலையில் என் காலிற் சுற்றிய துணி மீண்டும் குருதியில் நனைந்திருந்தது. கங்காணியாரின் காலருகே என் காலை நீட்டினேன்.

“ஒரே பாதை, ஒரே மழை மாப்பிள்ளை. ரெண்டு காலையும் பாத்துக்குங்க.”

அவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். “இது உங்க உடம்பு மச்சான். என் மவன் எங்க வம்சமில்ல?”

தந்தைவழியையே வம்சமென்று எண்ணும் நம்மவர் அனைவரும் சொல்லக்கூடிய சொல்தான் அது. யான் தங்கையை நோக்கினேன்.

“போன மாசம் புள்ள விழுந்து உதடு கிழிஞ்சுச்சுன்னு சொல்லி அனுப்புனியே, எப்பம்மா நின்னுச்சு?”

அவள் கணவரைப் பார்த்தாள். பின் தரையைப் பார்த்தாள். “மறுநாளும் நிக்கலண்ணே. தலகாணித் துணிய மாத்திக்கிட்டே இருந்தேன். ஒடம்புச் சூடுன்னாக.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் கங்காணியார்.

“விடியுமுன்ன ஆளுகளுக்கு வேலை பிரிக்கப் பெரட்டுக்களத்துக்குப் போயிர்றீக. வந்தா அசந்து படுத்துர்றீக. எப்பச் சொல்ல?”

அவர் எழுந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார். “காது குத்தலன்னா சனங்க என்ன பேசும் மச்சான்?” என்று கேட்டார். குரலில் எதிர்ப்பு இல்லை.

“காதுகுத்து நடக்கும். காதுதான் குத்தமாட்டோம்.”

பதுளை ஆசாரியிடம் சொல்லிச் செய்வித்த பொன்வளையங்களை எடுத்துக் காட்டினேன். துளை வேண்டாது, செவிமடலை மெல்ல நெருக்கிப் பிடிப்பவை. மொட்டைக்கும் சவரக்கத்தியை விலக்கி, கத்தரிக்கோலால் முடி களைந்தோம். மாரியம்மன் கோயில் முன்றிலில் குழந்தையை மடியில் இருத்தினேன். காது குத்த வந்திருந்த ஆசாரி சந்தனம் தொட்ட விரலால் செவியைத் தீண்டி வளையங்களை மாட்டினார். குழந்தை ஒன்றைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

“மாமனுக்குத் தாடி, மருமவனுக்கு ஓட்டையில்லாத காது. நல்ல பொருத்தந்தான்” என்றார் கங்காணியாரின் அக்காள். ஆயினும், சீர்த்தட்டுகளைத் தம் கையாலேயே அடுக்கி வைத்தார்.

அம்மருமகன் இன்று என் கடையில் துணி அளக்கிறான். முழங்கால் வீங்கும் நாட்களில் ஈரத்துணி சுற்றிக் கிடக்கிறான். வீக்கம் வற்றியதும் வேலைக்கு வந்துவிடுகிறான்.

இங்கு எழுதியவற்றுள் யான் பட்டறிந்தன சில, கேட்டறிந்தன சில. எம் பெண்மக்களுள் இக்குறையைச் சுமப்பவர் யார், சுமவாதவர் யார் என்பதை யான் அறியேன். மருத்துவம் வல்லோரும், தம் இல்லங்களில் இதனைக் கண்டோரும், பிழை காணின் திருத்தி எழுதுவாராக. தங்கையின் பேரனுக்குச் சந்தனம் அரைக்குமுன் அத்திருத்தம் வந்து சேர்தல் நன்று.