பொத்தேரி வரும்வரை படித்த நாவல்கள்

நான் பெரிய வாசகி ஒன்றும் இல்லை. புத்தகக் கடையில் வாசலுக்கு நேராக, எல்லோரும் வாங்கும் புத்தகங்களை உயரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். நானும் அதிலிருந்துதான் எடுப்பேன். அட்டையில் ரத்தத் துளி இருந்தாலும் சரி, மழையில் குடை பிடித்த பெண் இருந்தாலும் சரி. படித்து முடித்த பிறகு அதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றும். அதுதான் எனக்கிருந்த சிக்கல்.

செங்கல்பட்டில் ஒரு வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். கணவரும் நானும் பிரிந்து சில வருடங்கள் ஆகின்றன. இரண்டு பேருமே களைத்துப்போய்ப் பிரிந்தோம், அவ்வளவுதான். அம்மா இறந்துவிட்டாள். தம்பி புனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பான். ஒருமுறை நான் படித்துக்கொண்டிருந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவன் ம் கொட்டிக்கொண்டே இருந்தான். பின்னால் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவனிடம் கதை சொல்வதில்லை.

வேலை பொத்தேரியில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்து உடைத்த ஃபிரேம்களைக் கொண்டுவருவார்கள். காலை ரயில் செங்கல்பட்டிலிருந்து கிளம்புவதால் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்துவிடும். கொளவாய் ஏரி தாண்டும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவேன். அப்புறம் புத்தகத்தைத் திறப்பேன்.

ஒரு அக்கா சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் ஏறுவார். ஐம்பது வயதிருக்கும். கறுப்பு புர்கா, ஒரு கையில் சாப்பாட்டுப் பை. கூடுவாஞ்சேரியில் ஒரு ஜவுளிக் கடையில் சுடிதார் பிரிவில் இருந்தார். பல மாதங்களாக முகம் தெரியுமே தவிரப் பேசியதில்லை. ஒருநாள் நான் ஒரு துப்பறியும் நாவலைப் பாதி படித்திருந்தேன். கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் ஒரு பெண் நீச்சல் குளத்தில் செத்துக் கிடப்பாள், அவளைக் கொன்றது யார் என்று போகும் கதை. எதிரே உட்கார்ந்த அக்கா அட்டையைப் பார்த்தார்.

"அதுவா? கொன்னது அவ அக்கா புருசன். அவன் ஜூஸ் எட்துகினு வர்றப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சி."

எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மூடிப் பையில் போட்டுவிட்டேன். பொத்தேரியில் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் முடித்தேன். அக்கா புருசன்தான்.

மறுநாள் நானே பேசினேன். கொலைகாரனைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்றேன். செத்துப்போனவள் முதல் அத்தியாயத்தில் ஒரு மஞ்சள் நைட்டியைத் துவைத்து விடுதி பால்கனியில் காயப்போட்டிருப்பாள். போலீஸ் வருகிறது, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அந்த அறையில்தான் பாதிக் கதை நடக்கிறது. கடைசிவரை ஒருத்தரும் அந்த நைட்டியை எடுக்கவில்லை. எழுதியவரே அதை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அத்த நான் கவனிக்கவேயில்ல" என்றார். அடுத்த நாள் ஏறியதும் முதல் வேலையாக, மறுபடியும் எடுத்துப் பார்த்ததாகவும், நைட்டி அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். எனக்காக ஒருவர் ஒரு புத்தகத்தைத் திரும்பப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அன்று முழுக்கக் கடையில் எனக்கு வேலை இலேசாக ஓடியது.

அப்படித்தான் ஆரம்பித்தது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பொத்தேரிவரை கால் மணி நேரம்தான். அதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று வரும் வழியிலேயே மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொள்வேன். அவருக்கு அழவைக்கும் கதைகள் பிடிக்காது. எனக்கு அவைதான் பிடிக்கும். காதல் கதைகளில் வரும் ஆண்களை அவர் நம்பவே மாட்டார். ஒரு நாவலில் நாயகன் ஆறு வருடம் ஒரே காபிக் கடையில் காத்திருப்பான். நான் உருகிப்போய்ச் சொன்னேன். அவனுக்கு வேலை வெட்டி இல்லையா, அந்தக் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லையா என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தபோது முதல் தடவை வந்த அழுகை வரவில்லை.

பிறகு, தனியாக இருப்பதைக் கொண்டாடுவது எப்படி என்று சொல்லித்தரும் ஒரு புத்தகம் வாங்கினேன். விமான நிலையங்களில்கூட விற்கிறதாம். வெள்ளை அட்டை, நடுவில் ஒரே ஒரு நாற்காலிப் படம். கண்ணாடியைப் பார்த்து உனக்கு நீயே வணக்கம் சொல் என்றது. சொன்னேன். பல் துலக்காத முகத்துக்கு வணக்கம் சொல்வது சங்கடமாக இருந்தது. உன்னை நீயே விருந்துக்கு அழைத்துப் போ என்று ஒரு அத்தியாயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு உணவகத்தில் நால்வர் மேசையில் உட்காரவைத்தார்கள். சொன்ன மீன் வருவதற்குள் ஒரு பெரிய குடும்பம் வந்தது. அவர்களில் ஒருவர் மிக மரியாதையாக, இந்த நாற்காலி யாருக்காவதா என்று கேட்டார். இல்லை என்றேன். எடுத்துப் போனார். திரும்பி வந்து அடுத்ததைக் கேட்டார். மூன்றாவதைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். பெரிய மேசைக்கு முன்னால் ஒரே நாற்காலியில் நான். புத்தகத்தின் அட்டை மாதிரியே இருந்தது. மீன் நன்றாகத்தான் இருந்தது. கடலைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை இதை அக்காவிடம் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையில் இருந்த ஆசிரியரின் படத்தைப் பார்த்தார். "இவுரு வூட்ல சோறாக்கறது யாரு? அத்த எங்கனா எய்திகீறாரா பாரு" என்றார். நான் தேடிப் பார்த்தேன். எழுதவில்லை. அடுத்த தடவை போகும்போது தன்னையும் கூப்பிடச் சொன்னார். கடலில் கால் நனைத்து எத்தனையோ வருடமாயிற்று என்றார். நாங்கள் போகவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கடை உண்டு.

பிறகு அந்தத் தடித்த நாவல் வந்தது. மூன்று சகோதரிகளின் கதை. செங்கல் மாதிரி கனம். கடைக்கு வரும் பிள்ளைகள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். நான் வாங்கிக்கொண்டுபோய் ரயிலில் காட்டினேன். நான் முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டுமே என்றேன். அவர் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தார். நடுவில் பிரித்தார். இரண்டு கையாலும் புத்தகத்தின் முதுகைப் பிடித்து மடக்கி அப்படியே இரண்டாகக் கிழித்துவிட்டார்.

நான் பதறிப்போனேன். அவர் முதல் பாதியை என்னிடம் கொடுத்தார். "நீ அங்கேர்ந்து வா. நான் இங்கேர்ந்து வரேன்" என்றார். அவர் எந்தப் புத்தகத்தையும் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படித்து வருகிறவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாகப் படிக்க முடியும் என்றார். ஜூஸ் வரும்போதே கொலைகாரனை அவருக்குத் தெரிந்துபோனது இப்படித்தான்.

சில வாரங்கள் அந்த மூன்று சகோதரிகளும் எங்கள் பெட்டியிலேயே பயணம் செய்தார்கள். நடு சகோதரி கோபக்காரி. கல்யாணம் செய்துகொள்ளாமல் வேறு ஊரில் வேலைக்குப் போகிறாள். எனக்கு அவளைத்தான் பிடித்திருந்தது. அவள் என்ன ஆவாள் என்று நான் கேட்பேன். அக்கா வாயைத் திறக்க மாட்டார். துப்பறியும் கதையில் செய்தது மாதிரி செய்ய மாட்டேன், நீயே வந்து சேர் என்பார். நான் என் பாதியை முடித்தபோது நடு சகோதரி வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் பாதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று ரயிலேறினேன். அக்கா வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. தினமும் பார்க்கிறோமே என்று நாங்கள் போன் எண் வாங்கிக்கொண்டதில்லை. சிங்கப்பெருமாள் கோயில் நடைமேடை வரும்போது புத்தகத்தை மூடிவிட்டு வாசலைப் பார்ப்பேன். வேறு யாரோ எதிரில் உட்கார்வார்கள். கடைசியில் அதே நிலையத்தில் ஏறும் பூக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தம்மா வேலய வுட்டுட்சே. பொண்ணுக்குக் கொயந்த பொறந்துகீது. சத்ரங்கப்பட்டணத்துல, கோட்டைக்குப் பின்னால தெரு, பச்ச கேட்டு வூடு. பொண்ணாண்டயே போயிட்சி."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பட்டேன். ஆனால் பொத்தேரியில் இறங்கியதும் கடைக்குப் போகாமல் நடைமேடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லையே என்பது ஒன்று. சொல்லிவிட்டுப் போக நான் யார் என்பது இன்னொன்று.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தை ஃபிராக் வாங்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் கிளம்பினேன். பாதிப் புத்தகமும் பையில் இருந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. குழந்தையைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். உள்ளேயிருந்து வந்த அக்காவை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் துப்பட்டா, தோளில் குழந்தைக்குப் பால் துடைக்கும் துணி, முகம் கனிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அழைத்துப் போய் எல்லோரிடமும் அறிமுகப்படுத்தினார். "இவுங்க ரயில்ல வருவாங்க" என்றார்.

சேமியா பாயசம் கொடுத்தார்கள். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அக்கா அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கொஞ்சம் கூட்டம் குறைந்தபோது நான் மெதுவாகப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். சாமான்களோடு எங்கேயோ போய்விட்டதாம். அலமாரிக்கு மேலே பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மகள், என்னம்மா தேடுகிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்கம்மா நேரம்? அதுவும் ரயில்ல பொய்து போவலன்னு படிச்சதுதான" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

கிளம்பும்போது கேட் வரை வந்தார். போன் எண்ணைக் கொடுத்தார். நடு சகோதரி என்ன ஆனாள் என்று மட்டும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நைட்டியைப் பற்றிச் சொன்ன அன்று பார்த்த அதே பார்வை.

"வூட்டுக்குத் திரும்பி வந்துட்றா. மூணு பேரும் ஒண்ணா குந்திகினு சாப்புட்றாங்க. அதோட முடியுது" என்றார். அதற்குள் குழந்தை அழுதது. உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கோட்டைப் பக்கம் போய் இடிந்த மதிலருகே உட்கார்ந்தேன். கல்யாணம் ஆகப்போகும் ஒரு ஜோடியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். புகைப்படக்காரர் என்னிடம் வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார முடியுமா, நீங்கள் படத்தில் விழுகிறீர்கள் என்றார். எழுந்து போய்விட்டேன்.

அந்த நாவலை இன்னொரு பிரதி வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டாம் பாதியைச் செங்கல்பட்டிலிருந்து பொத்தேரி, பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு என்று மெதுவாகப் படித்தேன். நடு சகோதரி திரும்பி வருவதில்லை. பஸ் ஏறிப்போனவள் அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறாள். மற்ற இருவரும் முதலில் அடிக்கடி போன் செய்கிறார்கள், அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை, அப்புறம் அதுவும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் அவள் ஒரு புதிய தலையணை வாங்கிவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடும் காட்சி புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிறவருக்கு இந்த முடிவு மறந்திருக்க வழியில்லை.

படித்து முடித்த அன்று மாலை கொளவாய் ஏரி ஓரமாக ரயில் மெதுவாக ஊர்ந்தபோது அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். நீங்கள் சொன்ன மாதிரி முடியவில்லையே அக்கா என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அந்தத் தலையணை பற்றிச் சொன்னேன், அவள் அதை வாங்குகிற மாதிரி எழுதியவர் முடித்தது எனக்குப் பிடித்ததைச் சொன்னேன், நடு சகோதரி அவ்வளவு கோபக்காரியாக இருந்திருக்க வேண்டாம் என்றேன், உங்கள் முடிவும் நன்றாகத்தான் இருந்தது என்றேன். ரயில் நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் கடையில் ஒரு மாணவனுக்கு ஃபிரேமை நிமிர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஒரு புகைப்படம். பேரக்குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறது. கீழே ஒன்றும் எழுதவில்லை.

குழந்தையின் தொடைகள் நன்றாகச் சதை பிடித்திருந்தன. அதையே எழுதி அனுப்பினேன்.