வடிவு தட்டிப் பார்த்த தளம்

பால் காய்ச்சிய அன்றே, பெயின்ட் வாசனைகூடப் போகாத தம்பி வீட்டில், ஒட்டடைக் குச்சி எங்கே என்று கேட்ட ஒரே மனுஷி வடிவு அக்காதான். வந்தவர்கள் எல்லாரும் கேசரியும் கையுமாக நின்றிருந்தார்கள். அக்கா ஒரு குச்சியைத் தேடிப் பிடித்து, இல்லாத ஒட்டடையை அடிக்கிற சாக்கில், அதன் அடிப்பக்கத்தால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே அறை அறையாகப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஹாலில் கணீர் என்று கேட்டது. சமையலறையிலும் அப்படித்தான். படுக்கையறையில் சத்தம் மாறிவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி பொத் பொத் என்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“இன்னிக்கி ஒண்ணியும் சொல்லாத ஷோபனா. நல்ல நாளு” என்றாள்.

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரரே சொல்லுவார். அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

வேப்பம்பட்டில் வடிவு அக்காவுக்குப் பக்கத்து வீடு எனக்கு. ஜாக்கெட் தைக்கிறேன். அக்கா இருபத்தாறு வருஷமாகச் சித்தாள். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி என்று இந்தப் பக்கம் எழும்பிய வீடுகளில் பாதிக்கு அவள் கலவை சுமந்திருப்பாள். அம்மா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பி அரவிந்தனுக்கு ஏழு. அப்பன் இருந்தும் இல்லாத கணக்கு. தம்பியை வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போவாள். சிமென்ட் மூட்டையில் அச்சடித்திருப்பதை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தால்தான் மத்தியானச் சோறு. அப்படிப் படித்தவன்தான் ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். நடுவில் அக்காவுக்கு ஒரு கல்யாணமும் நடந்தது. தம்பியை யாராவது உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வா என்றானாம் அந்த மகராசன். இவள் அவனையே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மிக்ஜாம் புயல் மழைக்கு அடுத்த தை மாதத்தில் அரவிந்தன் பட்டாபிராமில் அந்தப் பழைய வீட்டை வாங்கினான். கட்டி இருபத்தைந்து வருஷம் ஆன வீடு. விற்றவர் விரிசல் தெரியாமல் மேலே பட்டியெல்லாம் பார்த்து, பளிச்சென்று வெள்ளை அடித்து வைத்திருந்தார். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வாங்கக்கூடாதா? கட்டடத்திலேயே ஆயுசைக் கழித்தவள் வீட்டிலேயே இருக்கிறாள். இவன் புரோக்கரை நம்பினான். கேட்டால், “அக்காவுக்குத் தெரியாம வாங்கி, சாவிய அது கையில குடுக்கணும்னு ஆசப்பட்டேன்” என்றான். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். சாவியை வாங்கிக்கொண்டு அக்கா எப்படி அழுதாள் என்று நானே பார்த்தேன்.

பத்து நாள் கழித்து அவனிடம் தளத்து விஷயத்தைச் சொன்னாள். மழைக்காலம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றான். அதற்குள் சித்திரையில் அவன் பெண்டாட்டி கவிப்பிரியாவுக்கு நாள் தள்ளிப்போனது. ஆறு வருஷமாகக் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து கிடைத்த சந்தோஷம். அக்கா எங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள்.

ஆனி மாதம் படுக்கையறைத் தளத்தில் வெள்ளை உப்பிக்கொண்டு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. அக்கா சேதி கேட்டதும் போட்டது போட்டபடி ரயிலேறினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மூன்றே ஸ்டேஷன்தான், ஆனால் அன்றைக்கு அந்த வண்டி நகரவே இல்லை எங்களுக்கு.

கவிப்பிரியாவின் அம்மா தாயம்மாள் அங்கே இருந்தார். தளத்தைக் கொத்த வேண்டும் என்று அக்கா சொன்னதுதான் தாமதம், எழுந்து நின்றுவிட்டார்.

“மாசமா கீற பொண்ணு ஊட்ல ஆணி கூட அடிக்க மாட்டாங்க. நீ கடப்பாரைய எத்துகினு வரேன்ற. கொயந்த பொறக்கட்டும், அப்பால இன்னா வேணா பண்ணிக்கோங்க.”

“அத்தே, கடப்பார கொயந்தைய ஒண்ணியும் பண்ணாது. அந்த ரூஃப் பண்ணும்” என்றாள் அக்கா.

“கதவ சாத்திட்டு ஹால்ல படுக்கறோம்.”

“அங்க வுயுந்தா இங்கியும் இயுத்துகினு வரும் அத்தே. ஐப்பசி மய தாங்காது.”

அரவிந்தன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் பேசியது கவிப்பிரியாதான். “அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. நான் உங்க ஊட்டுக்கு வந்துர்றேன்” என்றாள். தங்கமான பெண், அவளைப் பற்றி நான் இன்றுவரை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. மறுநாளே அவளைத் தாயம்மாள் அம்பத்தூருக்கு அழைத்துப் போனார். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலைக்குக் கோவிந்தன் மேஸ்திரி வந்தார். அக்கா வழக்கமாக வேலை செய்வது அவரிடம்தான். ஹாலில் முட்டுக் கொடுத்து, சாரம் கட்டி, எல்லாம் தயாரானது. ஆனால் சுத்தியலைக் கையில் எடுக்க ஆள் இல்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “ஊட்டுப் பொண்ணு மாசமா கீதுன்றாங்க வடிவு. மொத அடி நான் அடிக்க மாட்டேன். எனக்கும் புள்ள குட்டி கீது” என்றார். ஆம்பளைகள் நாலு பேர் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள்.

முதல் அடிக்கே கை அகலத்துக்குக் காரை உதிர்ந்தது. உள்ளே விரல் கனம் இருக்க வேண்டிய கம்பி, துடைப்பக் குச்சி கனத்துக்குத் துருவாகிப் போயிருந்தது. அதன் பிறகு மேஸ்திரியும் ஆட்களும் ஏறினார்கள். நாலாம் நாள், கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு கதவு அளவுக்கு அப்படியே கழன்று கீழே விழுந்தது. யாரும் ஓங்கி அடிக்கவில்லை, கம்பியை வைத்து லேசாக நெம்பியதுதான். சத்தம் கேட்டுத் தெருவே ஓடி வந்தது. புழுதி அடங்கியதும் அரவிந்தன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

“நீ மட்டும் சொல்லலன்னா எங்க ரெண்டு பேரையும் வாரிகினு போய்ருப்பாங்கக்கா.”

அவன் இதைச் சொன்னான். என் காதால் கேட்டேன். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

ஒரு மாசம் வேலை நடந்தது. அந்த அறையின் தளத்தை முழுக்க எடுத்துவிட்டுப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட் இறுகக் காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் கட்டியது அக்காதான். வளைகாப்புக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கவிப்பிரியா, குழந்தை அசையவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதயத்துடிப்பு இல்லை. தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்திருக்கிறது, யார் கையிலும் இல்லாத விஷயம் இது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். பெண் குழந்தை.

தாயம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தினார். “கடப்பாரைய வெச்சியேடி. என் பொண்ணு வயித்துல கடப்பாரைய வெச்சியேடி.” பெற்ற வயிறு, பேசட்டும் என்று நான் பொறுத்துக்கொண்டேன். அரவிந்தன் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இடிந்து விழுந்ததை அவன் தன் கண்ணால் பார்த்தவன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அக்கா அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

அதற்குப் பிறகு அவன் போன் செய்யவில்லை. இவள் செய்தால் “வேலையில கீறேன்க்கா” என்பான். தீபாவளிக்குப் புடவை வரவில்லை. பொங்கலுக்கு வரிசை வரவில்லை. அவன் வாங்கிக் கொடுத்தால்தான் புதுசு கட்டுவாள் அக்கா, அந்த வருஷம் பழசையே கட்டிக்கொண்டாள். ஐந்தாறு தடவை பட்டாபிராம் வரைக்கும் போய், ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். எனக்கு வயிறு எரியும். நேரில் போய் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கிறேன் என்பேன். அக்கா என் கையைத் தன் தலையில் வைத்து, போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொள்வாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். ஒரு வருஷம் கழித்து. அக்கா பதறிப்போய்ப் பாயை விரித்தாள், மீன் வாங்க ஓடப் பார்த்தாள். அவன் உட்காரவில்லை.

“கவிக்கு நாலு மாசம்க்கா.”

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த ஒரு வருஷம் அப்படியே கழன்று விழுந்துவிட்டது. “யப்பா, சாமி” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னான்.

“கவி ரொம்ப பயப்புடறா. அத்தையும்... கொயந்த பொறக்கற வரிக்கும் நீ அந்தப் பக்கம் வராதக்கா. போனும் வேணாம். தப்பா நெனச்சிக்காத.”

என் வீட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“சரிப்பா” என்றாள் அக்கா. “வாந்தி கீதா? இட்லி உள்ள போவுதா அதுக்கு?”

“போவுதுக்கா.”

“சரிப்பா.”

அவன் போன பிறகு அக்கா விரித்த பாயைச் சுருட்டி வைத்தாள். நான் அவனைத் திட்டித் தீர்த்தேன்.

போன வாரம் கோவிந்தன் மேஸ்திரி வந்து வாசலில் நின்றார். பாரிவாக்கத்தில் யாரோ பழைய வீடு வாங்கியிருக்கிறார்களாம், பாத்ரூம் சுவர் எல்லாம் இறங்கிப்போயிருக்கிறதாம், இடித்துக் கட்ட வேண்டுமாம். விடியற்காலையில் வேன் வரும், கிளம்பி இரு என்றார்.

“அந்த ஊட்ல யாருனா மாசமா கீறாங்களா மேஸ்திரி?” என்று கேட்டாள் அக்கா.

மேஸ்திரி திகைத்துப்போனார். “அது எனக்கு இன்னா தெரியும்?”

“கேட்டுகினு வாங்க. இல்லன்னா வரேன்.”

அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தாங்கவில்லை. டாக்டரம்மா சொன்னதையும், கதவு அளவு விழுந்ததையும், கொத்தாமல் விட்டிருந்தால் மூன்று உயிர் போயிருக்கும் என்பதையும் நூறாவது தடவையாகச் சொன்னேன். கொத்தியதால்தான் குழந்தை போனது என்று நீயுமா நம்புகிறாய் என்று கேட்டேன்.

“நம்பல” என்றாள். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆனா நான் அட்ச்சேன், கொயந்த போச்சி. ரெண்டும் நடந்துச்சி இல்ல ஷோபனா.”