பத்து விரலுக்கும் பத்து நாள் லீவு

என் அத்தாவுக்குக் கைரேகை இல்லை என்பது அரசாங்கம் சொல்லித்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் விரல்களை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. சம்பாதிக்கிற கை, சாப்பிடுகிற கை, கோபம் வந்தால் ஓங்கிவிட்டு அப்படியே தலையைச் சொறிந்துகொள்கிற கை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அத்தா டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. பெருங்களத்தூரில் எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளில் பாதி, தான் முட்டி போட்டு நகர்ந்த தரைதான் என்பார். பாதி என்பது கொஞ்சம் அதிகம். அத்தாவின் பேச்சில் எப்போதும் கொஞ்சம் அதிகம் இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பீற்றிக்கொள்வதில் நியாயம் உண்டு. மற்றவர்கள் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துத் தரையின் மட்டத்தைச் சரிசெய்வார்கள். அத்தாவும் வைப்பார், இன்ஜினியர் பார்க்கிறாரே என்பதற்காக. இன்ஜினியர் அந்தப் பக்கம் போனதும் இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். ஒரு மயிரிழை ஏறி இறங்கியிருந்தாலும் விரல் சொல்லிவிடும். இடுக்கில் ஒயிட் சிமெண்ட்டைத் தடவி வழிப்பதும் விரலால்தான். கையுறை போடச் சொன்னால், "கண்ணைக் கட்டிகினு பஸ் ஓட்டச் சொல்றியா" என்று கேட்பார்.

நான் பத்தாவது முடித்த வருடம் அது. எங்கள் பகுதி அரசுப் பள்ளியில் பத்தாவது வரைதான். தாம்பரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கிடைத்தது. கிடைத்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதற்காக நான் ஒரு வருடம் டிவி பக்கம் திரும்பவில்லை. சீட் வந்த பிறகு யூனிஃபார்ம் துணி, தையல்கூலி, ஷூ, பை, நோட்டு என்று ஒவ்வொன்றாக வாங்கி, பாதி ஃபீஸும் கட்டியபோது வீட்டில் இருந்ததெல்லாம் கரைந்துபோயிருந்தது. மீதி ஃபீஸுக்கு எங்களுக்கு ஒரே நம்பிக்கை, அத்தாவின் நல வாரிய அட்டை. கட்டட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிப்புக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு அந்த அட்டையைக் காட்டித்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

தலைமை ஆசிரியையான சிஸ்டர் நல்லவர். ஆனால் கறார்.

"அப்ளை பண்ணின ரசீதை இந்த மாசக் கடைசிக்குள்ள கொண்டு வாம்மா. பணம் வர்ற வரைக்கும் நான் காத்திருக்கேன். ரசீதே இல்லைன்னா சீட்டைப் பிடிச்சு வைக்க முடியாது. வெளியில பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

ரசீது என்ன பெரிய விஷயம் என்று நானும் அத்தாவும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போனோம். ஒற்றை அறை, இரண்டு கம்ப்யூட்டர், நடத்துவது ஓர் அக்கா. உள்ளே நுழையும்போதே அத்தா வாசலில் நின்று ஒரு டைல்ஸைக் காலால் இரண்டு தட்டு தட்டினார். "அடியில ஒண்ணுமே இல்ல, காலி. எவன் ஒட்டினது இதை?" என்றார். வந்த வேலையைப் பாருங்கள் என்று நான் இழுத்துக்கொண்டு போனேன்.

அட்டையைப் பார்த்ததும் அக்கா சொன்னார், "இது இந்த மாசத்தோட முடியுதே அண்ணா. முதல்ல இதைப் புதுப்பிக்கணும். உங்க ஆதார்ல இருக்கிற நம்பருக்கு ஓடிபி வரும், சொல்லுங்க."

ஆதாரில் இருந்தது அத்தாவின் பழைய நம்பர். அந்த போன் யாருடைய வீட்டிலோ வேலை செய்யும்போது தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனது. நம்பரை அத்தாவும் அப்படியே கைகழுவிவிட்டார். இப்போது அது வேறு யாரிடமோ இருந்தது. அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அத்தா அந்த நம்பருக்கு போன் போட்டுவிட்டார்.

"அண்ணா, உங்க போனுக்கு இப்ப ஆறு நம்பர் வரும். அதைக் கொஞ்சம் எனக்குச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்து ஆள் நிதானமாகக் கேட்டான். "அப்புறம், என் ஏடிஎம் நம்பரும் வேணுமா? வெச்சிட்டுப் போடா திருட்டு ராஸ்கல்."

அத்தா போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "வெவரமான ஆளுதான். நம்ம நம்பர் நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கு" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஓடிபி இல்லாவிட்டால் கைரேகை வைக்கலாம் என்றார் அக்கா. அத்தா வலது கட்டைவிரலை மெஷினில் வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை என்று பத்து விரலும் ஒரு சுற்று போய் வந்தன. எல்லாம் சிவப்பு. அக்கா அத்தாவின் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன.

"அண்ணா, உங்களுக்கு ரேகையே இல்லையே."

"பொறக்கசொல்ல இருந்துச்சும்மா."

கண்ணைப் பார்த்து ஆளை உறுதி செய்யும் மெஷின் ஒன்று உண்டாம். அது ரிப்பேருக்குப் போயிருந்தது, எப்போது வரும் என்று தெரியவில்லை. அக்கா வேறு ஒரு வழி சொன்னார். சிமெண்ட்டைத் தொடாமல் இருந்தால் தோல் வளர்ந்து ரேகை திரும்ப வருமாம். தேங்காய் எண்ணெய் தேய்த்து, பத்து நாள் எந்த வேலையும் செய்யாமல் கையை வைத்திருந்துவிட்டு வரச் சொன்னார். மாதம் முடிய அப்போது பதினோரு நாள் இருந்தது.

ரம்ஜான், பக்ரீத் இரண்டைத் தவிர அத்தா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா விஷயத்தைக் கேட்டதும் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "பத்து நாளைக்கு இந்தக் கை என் பொறுப்பு. எதையாவது தொட்டீங்கன்னா பாத்துக்கோங்க" என்றாள். அன்றிலிருந்து அத்தா மருதாணி வைத்த கல்யாணப் பெண்ணைப் போல விரல்களை விரித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துணி துவைக்கிற சோப்பைத் தொடக் கூடாது. கேஸ் சிலிண்டரை நகர்த்தக் கூடாது. சிமெண்ட் அரித்த விரலில் மிளகாய் பட்டால் எரியும் என்று சாப்பாடுகூட ஸ்பூனில்தான்.

"ஆஸ்பத்திரியில கீற மாதிரி கீது" என்று இரண்டாம் நாளே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். அம்மா சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகப் புத்தகத்தைப் பார்த்தேன். பத்து நாளில் அத்தா ஸ்பூனைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

உட்கார்ந்து உட்கார்ந்து மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெருக்கோடியில் ஒரு வீட்டில் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய ஆபீசரைப் போல அங்கே போய் நிற்பார். யாரும் கேட்காமலே குறை சொல்வார். நான்காம் நாள் அந்த ஆட்கள் அவரைத் துரத்திவிட்டார்கள். திரும்பி வரும்போது அம்மா அவரை வாசலிலேயே நிறுத்திக் கையை மோந்து பார்த்தாள். சிமெண்ட் வாசனை இல்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே விட்டாள்.

என் பங்குக்கு நான் ஒரு ஸ்டாம்ப் பேட் வாங்கி வந்தேன். தினமும் காலையில் அத்தாவின் விரல்களை அதில் ஒற்றி, என் புதுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதித்துப் பார்ப்போம். முதல் நாள் வெறும் நீலத் தீற்றல்கள். மூன்றாம் நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் இடது மோதிர விரலின் ஓரத்தில் இரண்டு மூன்று கோடுகள் தெரிந்தன. நாங்கள் மூன்று பேரும் அந்த நோட்டின் மேல் குனிந்து, பிறந்த குழந்தைக்கு யார் ஜாடை என்று பார்ப்பதைப் போலப் பார்த்தோம்.

ஆறாம் நாள்தான் இன்ஜினியர் கூப்பிட்டார். பெருங்களத்தூரில் மூன்று மாடி, முழுக்க டைல்ஸ் வேலை. வீட்டுக்காரர்களிடம் சாவி கொடுக்கும் தேதி நெருங்கிவிட்டது, நாளைக்கே வேண்டும் என்றார்.

"ஜொரம் சார்" என்றார் அத்தா.

"குரல் நல்லாத்தானே இருக்கு மேஸ்திரி."

அத்தா இருமினார். ஜுரத்துக்கு ஏன் இருமினார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. சாயங்காலம் மறுபடியும் போன் வந்தது. வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாக இன்ஜினியர் சொன்னார். "பரவால்ல சார்" என்று அத்தா போனை வைத்தார். அதன் பிறகு ரொம்ப நேரம் அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. எனக்காக இவ்வளவு பெரிய வேலை போகிறதே. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க வேலைக்குப் போங்க அத்தா. நான் வேற ஸ்கூல்ல கிடைக்கிற குரூப்பை எடுத்துக்கிறேன்" என்றேன். தியாகம் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இன்னா பெரிய மகாராணியா, வுட்டுக் குடுக்கறதுக்கு? படிக்கறது உன் வேல. எண்ணெ தேச்சிகினு குந்தியிருக்கறது என் வேல. அவங்கவங்க வேலய அவங்கவங்க பாக்கலாம், போ" என்று கையை ஓங்கினார். எண்ணெய்க் கையால் தலையைச் சொறியவும் முடியாமல் அப்படியே இறக்கிக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பதினோராம் நாள் காலை, மையம் திறப்பதற்கு முன்பே நாங்கள் வாசலில் நின்றோம். அம்மாவும் வந்திருந்தாள், அத்தாவின் இரண்டு கைகளையும் தன் துப்பட்டாவில் மூடிப் பிடித்துக்கொண்டு. அக்காவுக்கு எங்களை நினைவிருந்தது. வலது கட்டைவிரல், சிவப்பு. வலது கையின் மற்ற நான்கும் சிவப்பு. இடது கட்டைவிரலும் அப்படியே. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் வேலையை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன், "அத்தா, மோதிர விரல்."

பச்சை.

யாரோ விசிலடித்தார்கள். அட்டை புதுப்பிக்கப்பட்டது. உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஏறியது. பிரிண்டர் ரசீதைத் துப்பியதும் அம்மா அதை வாங்கி என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். பச்சை விளக்கு எரிந்த தைரியத்தில் அக்கா அதே விரலை வைத்து ஆதாரில் புது நம்பர் மாற்றவும் மனுப் போட்டுவிட்டார். அதன் பிறகு ஓடிபி புது நம்பருக்கே வந்ததால் எந்த வருடமும் எங்களுக்கு விரல் தேவைப்படவில்லை.

வெளியே வரும்போது அத்தா வாசலில் அந்தப் பழைய டைல்ஸ் பக்கத்தில் குந்தினார். பத்து நாள் டைல்ஸைத் தொடாமல் பட்டினி கிடந்த விரல் அல்லவா. ஓரத்தில் விரல் நுனியை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். முகம் மாறியது. மறுபடியும் இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு வேறு விரலை வைத்துப் பார்த்தார்.

"இன்னாது இது, தெரியல" என்றார்.

டைல்ஸ் தூக்கிக்கொண்டு நிற்பது என் கண்ணுக்கே தெரிந்தது. அவர் விரலுக்குத் தெரியவில்லை. புதுத் தோல் தடித்து வளர்ந்திருந்தது. "மெத்துனு ஆயிருச்சி. சரியாப் பூடும்" என்று எழுந்து கையைச் சட்டையில் துடைத்தார். பள்ளிக்கூடம் வரை நாங்கள் நடந்தே போனோம். ரசீதை வாங்கிப் பார்த்து சிஸ்டர் சிரித்தார். அத்தாவும் சிரித்தார். ஆனால் வழி முழுக்க அவருடைய கட்டைவிரல் மற்ற விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்ததை நான் கவனித்தேன்.

அடுத்த வேலைக்கு அவர் ரசமட்டத்தை உண்மையாகவே பயன்படுத்தினார். அதை அவர் வெளியில் சொல்லவில்லை, கூட வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். சிமெண்ட் பட்டுப் புதுத் தோல் வெந்து உரிந்தது. அம்மா எண்ணெயை எடுத்தால், "போதும், வளத்து வுட்றாதே" என்று தடுத்தார். நான் புது யூனிஃபார்மில், புது ஷூவில், கம்ப்யூட்டர் லேப்பில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். இருந்தாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தா கூடத்தில் படுத்திருந்தவர், கையை நீட்டித் தரையில் சும்மா தடவினார். சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இங்க வா. இது ஒரு பேப்பர் கனத்துக்குத் தூக்கிகினு கீது பாரு."

நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து இழுத்தார். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாடகை வீட்டின் கோணல் தரையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. நான் ஸ்டாம்ப் பேடை எடுத்து அவர் மோதிர விரலை ஒற்றி, கணக்கு நோட்டில் பதித்தேன். கோடு எதுவும் இல்லை. நீலத் தீற்றல்தான்.

இன்று நான் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். வாசலில் வருகைப் பதிவுக்கு ஆதாரோடு இணைத்த கைரேகை மெஷின். வைத்தவுடன் எனக்குப் பச்சை எரியும். போன வாரம் எனக்கு முன்னால் துப்புரவு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த அக்கா ஒருவர் நின்றார். பினாயிலில் ஊறி ஊறி வழவழத்த விரல்கள். நான்கு முறை சிவப்பு எரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இடது கை மோதிர விரலை வெச்சுப் பாருங்க அக்கா" என்றேன்.

பச்சை எரிந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் ஆச்சரியமாகக் கேட்டார்.

"எங்க அத்தா டைல்ஸ் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு என் விரலை வைத்தேன்.