நீலக்கரைக் கைக்குட்டை

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்து மேசையில் நீலக்கரை போட்ட பழைய கைக்குட்டை ஒன்று இருக்கிறது. கோடையில் மாணவிகள் அதை நனைத்துப் பிழிந்து, நுண்ணோக்கியின் மூடிக்குள் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். மேம் கண்டுபிடித்த வழி என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

கைக்குட்டை என் சீனியர் அக்காவுடையது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் மதுரையில் நாங்கள் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தோம். காக்காப்பொன் என்கிறோமே, அந்த மைக்காவை டேப் ஒட்டி உரித்து, அதன்மேல் கரிமச் சேர்மத்தை மெல்லிய படலமாகப் படியவைப்போம். பிறகு கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனையால் தடவி, மேடுபள்ளத்தைப் படமாக்குவோம். அக்காவின் படங்களில் படலம் தீவு தீவாகத் துலங்கும். எனக்கு வெறும் கோடுகள். எல்லோரும் அவள் திரையைச் சூழ்ந்து நிற்கும்போது எனக்கு வயிறு எரியும்.

அவள் எதையும் மறைக்கவில்லை. "இம்புட்டு வெயில்ல உரிச்ச ஒடனே ஊசிய எறக்காத. மைக்காவுல சார்ஜ் நிக்கும், ஊசிய இழுத்துரும். ஈரத்துணிய வச்சுட்டு டீ குடிச்சுட்டு வா. எங்க வீட்டுத் தறியில பட்டு நூல் ஒட்டுனாலும் இதான் வைத்தியம்" என்று முதல் வாரமே சொன்னாள். அவள் சொல்லி நான் செய்வதா என்று இருந்துவிட்டேன்.

ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். எங்களில் ஒருவரைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அவர் முன்னால் படம் எடுத்துக்காட்ட வேண்டும்; காலையில் அக்காவின் முறை, மதியம் என்னுடையது. அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் மூடிக்குள் இருந்த கைக்குட்டையை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவள் திரும்பியபோது ஜெர்மன் பேராசிரியரும் கூடவே வந்துவிட்டார்; துணியைத் தேட நேரமில்லை. ஊசி இழுபட்டது, படம் முழுக்கக் கோடுகள். மதியம் அதே துணியை நனைத்து வைத்தேன். அன்றுதான் என் படலம் முதன்முறையாகத் துலங்கியது. மாலையில் கைக்குட்டையை அவள் மேசையிலேயே போட்டுவிட்டேன். இடம் எனக்குக் கிடைத்தது.

கிளம்பும் நாளன்று அக்கா விளாங்குடிக்கு என் வீடு தேடி வந்தாள். கைக்குட்டையை மடித்து என் கையில் வைத்தாள்.

"அங்க ஹீட்டர் போட்டு ரூமே காஞ்சு கெடக்குமாம். இந்தத் தடவ ஒளிச்சு வைக்க வேணாம், நீயே வச்சுக்க."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். நான் ஜெயித்து முடித்த பிறகும், இப்படிக் கொடுத்துவிட்டுப் போக முடிந்த அவள்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

நேற்று ஒரு மாணவிக்கு முதல் படம் துலங்கியது. "இந்த ஈரத்துணி ஐடியா ஒங்களுக்கு எப்படி மேம் வந்துச்சு?" என்று கேட்டாள். அக்காவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"சும்மா தோணுச்சும்மா" என்றேன்.