இரும்புத்தூளா? ‘இல்லை’ என்று ஒரு டிக்!

பத்து நாளைக்கு முன் என் ஏழு வயது மகளை ஸ்கேனுக்கு அழைத்துப் போனோம். அவளுக்கு இடது கண் ‘சோம்பேறிக் கண்’. கண்ணில் பழுதில்லை; மூளைதான் அதைச் சட்டை செய்வதில்லையாம். சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இதை ஆராய்கிறார்கள். எம்ஆர்ஐ மெஷினுக்குள் படுக்கவைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே படம் காட்டி, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள்.

ஒத்துக்கொண்டது சரியா? மணவாள நகர் வீட்டிலிருந்து கிளம்பும்வரை எனக்குச் சந்தேகம்தான்.

பெற்றோரில் ஒருவர் உள்ளே அவளோடு நிற்கலாம். “நானே போறேன். நீ பயந்துகினு அவளையும் பயமுறுத்துவ” என்றார் கணவர். கூட நிற்பவருக்கும் ஒரு படிவம் உண்டு. அவர் மளமளவென்று டிக் அடித்தார். பேஸ்மேக்கர்? இல்லை. ஆபரேஷனில் வைத்த கம்பி? இல்லை. கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்ததா? இல்லை.

இல்லையா!

இவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் செக்‌ஷன். பாதுகாப்புக் கண்ணாடி எங்கே இருக்கும்? ஹெல்மெட்டுக்கு மேலே... ஹெல்மெட்டுக்குத்தான் பார்வை மங்கல் போலிருக்கிறது. தூள் விழுந்தால் முதலுதவி அறைக்குப் போக மாட்டார்கள் – போனால் ரிப்போர்ட் எழுதுவார்களாம். அதற்கென்றே செக்‌ஷனில் ஒரு நிபுணர் இருக்கிறார். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, இமையை மடக்கி எடுத்துவிடுவார். கைராசிக்காரராம்!

“ஏங்க, போன மாசம்கூட விழுந்துச்சே?”

“அதான் எடுத்தாச்சே. சும்மா பேஜாரு பண்ணாத.”

சொல்வதா, வேண்டாமா? நாலு பேர் முன்னால் கணவரை விட்டுக்கொடுப்பதா? அதற்குள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கதவை நெருங்கிவிட்டார். டெக்னீஷியன் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

“சார், நில்லுங்க! உள்ள இருக்கிறது பெரிய காந்தம். கண்ணுக்குள்ள துளி இரும்பு இருந்தாலும் இழுக்கும். மொதல்ல ஒரு எக்ஸ்-ரே எடுத்துட்டு வாங்க.”

“இன்னாடி நீ... மானத்த வாங்கிட்டியே” என்று பல்லைக் கடித்தார்.

நானும் ஒரு படிவம் நிரப்பினேன். தாலிச் சரட்டை, அதில் மாட்டியிருந்த நாலு ஊக்குகளோடு கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, மகளோடு நான் உள்ளே போனேன். அவள் ஆடாமல் அசையாமல் படம் பார்த்தாள். நான்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வெளியே வந்தால் எக்ஸ்-ரே தயார். அவருடைய வலது கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகில் கால்வாசிகூட இருக்காது. மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். விட்டிருந்தால் உள்ளேயே துருப்பிடித்துப் பார்வையைத் தின்றிருக்கும் என்றார் கண் டாக்டர்.

நம் ஆண்களின் வீரமே தனி. பைக்கில் கீறல் விழுந்தால் ஷோரூமுக்கு ஓடுவார்கள். கண்ணில் இரும்பு விழுந்தால்? பக்கத்து மெஷின்காரர் போதும்!

நேற்று கண்ணில் கட்டோடு தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “அந்த எம்ஆர்ஐ மெஷின்தாம்மா கண்டுபுடிச்சுது. இன்னா டெக்னாலஜி தெரியுமா!”

அந்த மெஷினை அவர் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.