பெர்ஹாம்பூர் வரைக்கும்

சித்தப்பா பேசிக்கொண்டிருந்தால் உயிரோடு இருக்கிறார். பேச்சு நின்றால் நான் சுவிட்சை அணைக்க வேண்டும். பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் இதுதான்.

கல்கத்தா கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வெல்டராக இருந்த சித்தப்பாவுக்கு அந்த வருஷம் வேலை போயிற்று. சும்மா உட்காரத் தெரியாத மனிதர். பழைய இரும்புக் கடையிலிருந்து செத்துப்போன மைக்ரோவேவ் அடுப்புகள் இரண்டைத் தூக்கி வந்தார். உள்ளேயிருந்த டிரான்ஸ்ஃபார்மர்களைப் பிரித்து, மெல்லிய கம்பிச் சுருளை வெட்டியெறிந்துவிட்டுத் தடித்த கேபிளைச் சுற்றினார். ஒரு மாதத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு வெல்டிங் மெஷின் பிறந்துவிட்டது. அப்பா ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. முத்திரை குத்தாத எதையும் நம்பாதவர். அதைப் பார்த்ததும் பாடை என்றார்.

அந்தச் சமயம் பார்த்து அம்மாவின் டிபன் கடையில் இட்லிக் கொப்பரை நிற்கும் இரும்பு ஸ்டாண்டின் கால் முறிந்தது. அப்பா தீர்ப்புச் சொன்னார். அந்தக் காலை இந்த மெஷினால் ஒட்டிக் காட்டினால் சித்தப்பா இங்கேயே இருக்கலாம், மாடிப்படிக்குக் கீழே பட்டறை போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ரயிலில் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் போகக் கூடாது என்று நான் தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். அந்த வீட்டில் என்னையும் ஓர் ஆளாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

சித்தப்பா நாள் குறித்தது விஸ்வகர்மா பூஜைக்கு. கல்கத்தாவில் அன்று பட்டறைக்காரர் எவரும் கருவியைத் தொட மாட்டார். சாமிக்குப் படைத்துவிட்டு மாடியேறிப் பட்டம் விடுவார்கள். வீட்டுக்காரர் மனைவியான மாஷிமா படியிலேயே மறித்து, இன்றைக்குக் கருவியை எடுக்காதே என்று கெஞ்சிப் பார்த்தார். எங்கள் ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று பாதி வங்காளத்தில் சொல்லிவிட்டுச் சித்தப்பா ஏறிவிட்டார். சுற்றிலும் பட்டறைகள் மூடியிருக்கும், கரண்ட் முழுசாக வரும் என்பது அவர் கணக்கு. பூஜை என்றால் மைக் செட்டும் உண்டு என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

அப்பா ஆபீஸில். அம்மா கீழே மாவாட்டிக்கொண்டிருந்தாள். மாடித் தரை மழையில் நனைந்து கிடந்தது. மாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு பலகை போட்டு, ரப்பர் செருப்போடு என்னை அதன் மேல் நிறுத்தினார் சித்தப்பா. வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று துண்டால் என் கண்ணைக் கட்டினார். பிறகு என் விரலை எடுத்துச் சுவிட்சின் மேல் வைத்தார்.

“நான் பேச்ச நிப்பாட்டிட்டேன்னா அணைச்சிரு. யோசிக்காத. என்னத் தொடப்படாது, கேட்டியா?”

நிறுத்தாமல் பேச ஏதாவது வேண்டுமே. ஹௌராவிலிருந்து வரிசையாக ஸ்டேஷன்களைச் சொன்னார். எந்த ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கும், எங்கே செருப்புத் தொலைந்தது, எங்கே பூரி வாங்கப் போய் ரயிலைக் கோட்டைவிட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. போகவே பிடிக்காத ஊருக்கு அந்த மனிதர் வாயாலேயே ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பாலசோரில் அவருக்கு இருமல் வந்தது. பேச்சு நின்றது, நான் அணைத்துவிட்டேன். வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது, போட்ட இணைப்பு பாழ். சித்தப்பா திட்டவில்லை. அரம் எடுத்து எல்லாவற்றையும் ராவி எடுத்தார். இனி ஒரே ஒரு ராடுதான் மிச்சம், இன்று கடையும் கிடையாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

மறுபடி ஹௌராவிலிருந்து கிளம்பினோம். கரக்பூர், பாலசோர், கட்டக் எல்லாம் நல்லபடியாகக் கடந்தன. பெர்ஹாம்பூர் என்று அவர் சொன்னபோது கீழே லாரி கராஜில் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டார்கள்.

கதவு அதிர்ந்தது. என் நெஞ்சும் அதிர்ந்தது. சித்தப்பாவின் குரல் கேட்கவில்லை. ராடு பொரியும் சத்தமும் கேட்கவில்லை. கண்ணில் துண்டு. அவர் பேசிக்கொண்டிருக்கிறாரா, இல்லையா? அணைத்தால் கடைசி ராடும் போச்சு, சித்தப்பாவும் போயிற்று. வாய் மூடாத மனிதர், பேசிக்கொண்டுதான் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரல் வியர்த்து வழுக்கியது. ஒரு பாட்டு முழுசாக ஓடி முடிந்து உடனே அடுத்தது தொடங்கியது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அணைத்துவிட்டுத் துண்டைப் பிடுங்கி எறிந்தேன்.

சித்தப்பா ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. பக்கத்தில் ஓடிப்போனேன், அவர் தொடாதே என்று சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. வலது உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார். ராடு தீர்ந்து வேலை முடிந்து பேச்சையும் நிறுத்திய பிறகு, நான் அணைத்திருப்பேன் என்று நம்பி மெஷினை நகர்த்தப் போய்க் கை வைத்தாராம், கை ஒட்டிக்கொண்டு வரவில்லையாம். பாட்டு ஓய்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எது வரைக்கும் ஒனக்குக் காதுல விழுந்துச்சு?”

“பெர்ஹாம்பூர்.”

“நான் விஜயநகரம் தாண்டிட்டேன் ஏட்டி. அம்புட்டு நேரமும் கேக்காமலா நின்ன?”

“அணைச்சா வெல்டிங் கெட்டுரும்லா. நீங்க ஊருக்குப் போயிருவீங்கள்லா.”

சித்தப்பா நல்ல கையால் கட்டிங் பிளேயரை எடுத்து, மெஷினின் வயரை அடியோடு வெட்டினார்.

சாயங்காலம் அப்பா வந்து அந்த ஸ்டாண்டின் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அசையவில்லை. சரி, பட்டறை போட்டுக்கொள் என்றார். சித்தப்பாதான் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள் அண்ணே என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஜெயித்தவர் எதற்காக மூட்டை கட்ட வேண்டும்? ரயில் கிளம்பும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாவின் கொப்பரை இன்றும் அந்த ஸ்டாண்டில்தான் நிற்கிறது. கேட்டதற்கு ஒரு ஸ்டேஷன் பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். அவரை வீட்டில் வைத்துக்கொள்வதற்காக அவர் உயிரையே பணயம் வைத்து, பெர்ஹாம்பூரிலிருந்து விஜயநகரம் வரை நின்றேன் என்று நானே அவரிடம் ஒப்புக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது. என் விரலைப் பிடித்து அந்தச் சுவிட்சில் வைத்தது தன் கைதான் என்பதை அவரால் மறக்க முடியவில்லை என்பதும் தெரியாது.