எல்லாரும் வந்த நாள்

வலயக் கல்விக் காரியாலயத்தில் ஆன்லைன் வகுப்புகளுக்குப் பொறுப்பாக என்னைப் போட்டபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். எஹலியகொடவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் கணவர், "ஒங்களுக்குக் கால்ல சக்கரம். ஒங்களப் புடிச்சி ஸ்க்ரீனுக்கு முன்னுக்கு இரிக்கச் சொல்றாங்களே, அவங்க பாவம்," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சோறு வேகும் வரைக்கும் அடுப்படியில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. வெளியே போய், கொடியில் கிடக்கும் உடுப்பு காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தால்தான் நிம்மதி.

எனக்குத் தந்த அறையில் முன்பு பழைய பாடநூல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜன்னல் இல்லை. ஒரு மேசை, ஒரு லப்டொப், ஒரு வெள்ளைப் பலகை, முகத்துக்கு நேரே வட்டமாக ஒரு விளக்கு. கதவில் மட்டும் மூன்று மொழியிலும் பெரிய பெயர்ப்பலகை. கொரோனாவில் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலத்தில் அவசரத்துக்குத் தொடங்கிய வேலை அது. பாடசாலைகள் திறந்த பிறகும், ஆசிரியர் இல்லாத இடங்களுக்காக விடாமல் நடத்தினோம். மற்றப் பாடங்களுக்கு ஆட்களைப் பிடித்து வருவது, நேரசூசி போடுவது, இணைப்பு அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. தமிழ்மொழி மூல விஞ்ஞானத்தை மட்டும் நானே எடுத்தேன். நான் அடிப்படையில் ஒரு விஞ்ஞான ஆசிரியை. டவுன் பாடசாலையில் இருந்த என்னை இந்த வேலைக்காக விடுவித்திருந்தார்கள்.

என் வகுப்பு ஒரேயொரு தோட்டப் பாடசாலைக்கானது. தெரணியகலைக்கு மேலே, இறப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே நியமனம் கிடைக்கிற விஞ்ஞான ஆசிரியர்கள், இடமாற்றக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வந்து சேர்வார்கள். கடைசியாக வந்தவர் மழைக்காலத்து அட்டைகளைப் பார்த்துவிட்டு, ஒரு தவணை முடிவதற்குள் போய்விட்டார். அதனால் தரம் பதினொன்றுக்கு விஞ்ஞானம் கற்பிக்க, ஜன்னலில்லாத அறையில் நான்.

பாடசாலையில் சிக்னல் கிடையாது. பின்னேரம் பாடசாலை விட்டதும் பிள்ளைகள், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலேயுள்ள ஒரு பெரிய பாறைக்கு ஏறுவார்கள். தூரத்து மலையிலிருக்கிற ஒரு டவர் அந்தப் பாறைக்கு மட்டும் எட்டும். வீட்டில் ஒரு போன் இருந்தாலும் அது இறப்பர்ப் பால் வெட்டவோ தேயிலைக் கொழுந்து எடுக்கவோ போன அம்மாவின் இடுப்பில் இருக்கும், இல்லாவிட்டால் கொழும்பில் கடையில் நிற்கும் அப்பாவின் பையில். ஆகவே பாறையில் இரண்டு, மூன்று போன்கள்தான் இருக்கும். அவற்றைச் சுற்றி வகுப்பு முழுக்கக் குந்திக்கொள்ளும்.

டேட்டா கரைந்துவிடும் என்று அவர்கள் கெமராவைத் திறக்க மாட்டார்கள். நான் இரண்டு கறுப்புச் சதுரங்களைப் பார்த்து ஒளித்தொகுப்பு படிப்பித்தேன். "கேக்குதா பிள்ளைகள்?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பேன். ஒரு பெண்ணின் குரல், "கேக்குதுங்க டீச்சர்" என்று எல்லாருக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்லும். கேட்கிறது என்று அவள் சொல்கிற வரைக்கும் என் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டேயிருக்கும். ஒருநாள் வீட்டில் மீன் பொரித்துக்கொண்டே என்னையறியாமல் "கேக்குதா?" என்று நான் கேட்டதற்கு, என் மகள், "மீனுக்குக் கேக்குது உம்மா" என்றாள்.

அந்தக் குரல்காரப் பெண்ணுக்கு நர்சாக வேண்டும். பாடம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு ஒருநாள் அவளாகவே சொன்னாள். அவிசாவளை ஆஸ்பத்திரியில் அவளுடைய தங்கச்சியை வைத்திருந்தபோது, அங்கே தமிழில் பேச ஒரு நர்சும் இல்லாமல் அவளுடைய அம்மா சைகையிலேயே வலியைச் சொன்னதைப் பார்த்தாளாம். "சயன்ஸ்ல நல்லா பாஸ் பண்ணாத்தான் ஏஎல்ல சயன்ஸ் எடுக்கலாம், இல்லீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம், உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுக்க அது வேண்டும் என்றேன். அன்றிலிருந்து அந்த வகுப்பைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பதற்றம் வந்துவிட்டது. லைன் விழுந்தால் லப்டொப்பைத் தட்டுவேன், வெளியே ஓடிப்போய் ரவுட்டரை அணைத்துப் போடுவேன். காரியாலயத்து ஆட்கள் என்னைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கத் தொடங்கினார்கள்.

அவர்களுடைய சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது மேலேயிருந்து ஒரு உத்தரவு வந்தது. குறைந்தது பத்துப் பேராவது இணையாத வகுப்புகளை மூடிவிட வேண்டும். என் வகுப்பில் இரண்டு, அதிகம் போனால் மூன்று. வலயக் கல்விப் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சிங்களத்தில் மெதுவாகப் பேசுவார், யாரையும் விரட்ட மாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். கத்துகிற ஆளாக இருந்தால் நானும் கத்தலாம்.

"சேர், ஒரு போனைச் சுத்தி ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கிறாங்க. வகுப்பு முழுக்க வருது," என்றேன் சிங்களத்தில்.

"நம்புறேன் மிஸ். ஆனா கம்பியூட்டர் மூணு என்றுதான் காட்டுது. ஒருநாள் நானே வந்து பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். கண்ணால் கண்டால் கண்டதை எழுதுகிறேன்," என்றார்.

இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது. அன்றைக்குப் பாடம் முடிந்ததும் அந்தக் குரல்காரப் பெண்ணிடம் சொன்னேன். புதன்கிழமை டிரெக்டர் சேர் பார்க்கப் போகிறார், ஒருத்தரும் லீவு போடாமல் வந்துவிட வேண்டும், கெமராவைத் திறந்து எல்லாரும் முகத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு நின்றுபோகும் என்று. "சரிங்க டீச்சர். எல்லாரும் நிப்போம்," என்றாள். நான் சொன்னது அவ்வளவுதான். அது லயத்துக்குப் போய் என்னவாக மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தின் அடிவாரத்து டவுனிலேயே பிறந்து வளர்ந்தும், நான் அதற்கு மேலே ஏறியதில்லை.

தோட்டத்தில் பெரியவர் ஒருவர் பார்வையிட வருகிறார் என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. தண்ணீர்க் கானை வெட்டுவார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் நிற்பதுபோல ஆளுக்கு ஆள் வரிசையாக நிற்பார்கள். கையில் சாமான் இல்லாமல் நிற்கக் கூடாது. கத்தியோ கூடையோ, அவரவர் சாமான் அவரவர் கையில் இருக்க வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். வகுப்பைப் பார்க்கப் பெரியவர் ஒருவர் வருகிறார் என்று கேட்டதும் லயத்துக்காரர்கள் அதையே செய்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை பணிப்பாளர் சொன்ன நேரத்துக்கு வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. வகுப்பைத் திறந்ததும் திரையில் ஒரு பெயர் எட்டிப் பார்த்தது. "அம்மா" என்று இருந்தது. சந்தோஷப்படுவதற்குள் மறைந்துவிட்டது. அடுத்து "ட்ரைவர் அண்ணா." அதுவும் மறைந்தது. "கோயில் கமிட்டி", கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் "பிள்ளைக் காம்பரா", இன்னொரு "அம்மா", "கங்காணி வீடு"... ஒன்று வர ஒன்று போனது. ஒருமுறை ஒரு காது தெரிந்தது, அப்படியே உறைந்து நின்றது, பிறகு அதுவும் இல்லை.

"யார் மிஸ் இவங்க எல்லாம்?" என்றார் பணிப்பாளர். தமிழ் எழுத்து அவருக்கு வாசிக்க வராது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் புருவம் உயர்ந்துகொண்டே போனது. "கோயில் கமிட்டியும் சயன்ஸ் படிக்குதா?"

"கேக்குதா? பிள்ளைகள், கேக்குதா?" என்று கத்தினேன். அந்தப் பெண்ணின் இலக்கத்துக்கு அழைத்தேன், போகவில்லை. பாடசாலை அதிபருக்கு அழைத்தேன், அங்கே சிக்னல் இல்லையே. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். கடைசியில் திரையில் என் முகம் மட்டும் இருந்தது, வட்ட விளக்கின் வெளிச்சத்தில், பேய் மாதிரி.

"லமய் கோ, மிஸ்?" என்றார் அவர். பிள்ளைகள் எங்கே? கேலியாகக் கேட்கவில்லை, கவலையாகத்தான் கேட்டார்.

"அங்கே இருக்கிறாங்க சேர்! எனக்குத் தெரியும்!"

"எனக்கும் தெரியும். ஆனா கண்டதைத்தானே எழுதலாம்," என்று சொல்லிவிட்டு எழும்பினார். இந்த மாதத்தோடு வகுப்பை முடித்துக்கொள்ளலாம், நான் என் டவுன் பாடசாலைக்கே திரும்பிப் போகலாம் என்றார். கதவருகில் நின்று, "சொறி மிஸ்" என்றும் சொன்னார்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம். அவர்மேல் இல்லை, அந்தப் பிள்ளைகள்மேல். இத்தனை சொல்லியும் வராமல் விட்டார்களே என்று. லப்டொப்பைக்கூட மூடாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கித் தெரணியகலை பஸ்ஸில் ஏறினேன். பஸ் ஒவ்வொரு கடைவாசலிலும் நின்று நின்று போனது. எனக்கு இறங்கித் தள்ளலாம் போலிருந்தது. டவுனில் பிடித்த த்ரீவீல் பாதி வழியில், இதற்கு மேலே ரோட்டு இல்லை என்று இறக்கிவிட்டது. மீதியை இறப்பர் மரங்களுக்கிடையில் நடந்தேன். காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடக்கூட நிற்கவில்லை. பார்த்ததும் என்ன திட்டலாம் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

பாறை தெரிந்தது. பாட நேரம் கடந்தும், சிக்னல் வருமென்று அதன்மேல் அவர்கள் இன்னும் நின்றார்கள், மொத்த வகுப்பும். வெள்ளை உடுப்போடு, தலையை வாரிக்கொண்டு, வரிசையாக. ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிலர் பாதத்தின் நுனியில் நின்றார்கள். என் வகுப்பை நான் முதன்முதலாகக் கண்டது அப்படித்தான். இவர்கள் இவ்வளவு சின்னப் பிள்ளைகளா என்று எனக்குத் திக்கென்றது. திட்ட நினைத்ததில் ஒரு சொல்லும் மிச்சமில்லை.

வேலை முடிந்து போனைத் திரும்ப வாங்கிப் போக வந்த அம்மாமார் சிலர் பாறைக்குக் கீழே நின்றார்கள். கையில் இறப்பர்ப் பால் காய்ந்து ஒட்டியிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் அந்தப் போன் டீச்சருங்களா? வாங்க வாங்க. இம்புட்டுத் தூரம் ஏறி வந்திருக்கீங்களே, ஒரு தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அவர்தான் அந்தப் பெண்ணின் அம்மா என்பது அந்தக் குரலைக் கேட்டதும் பிடிபட்டது. பிறகு ஆசையோடு கேட்டார்: "தொரை பாத்தாருங்களா? மலைக்கு வேலைக்குப் போன எல்லார்கிட்டயும் வாங்கினோம். டிரைவர் தம்பி, கோயில் கமிட்டி, பிள்ளைக் காம்பரா, ஒரு எடம் விடல. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு போன் வச்சித் தரணும்னு காலையிலயே பேசிக்கிட்டோம். இத்தன போன் போதலீங்களா டீச்சர்?"

போதாமலா? அதுதான் கூடிப்போனது. ஒரு டவர், ஒரு பாறை, அதில் ஒரே நேரத்தில் இத்தனை போன். எல்லாம் சேர்ந்து இழுத்ததில் ஒன்றுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கம்போல மூன்றே போனோடு வந்திருந்தால் மொத்த வகுப்பையும் காட்டியிருக்கலாம். அதை எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

அவர் கையில் காய்ந்திருந்த பாலைச் சுரண்டினார். "போன் கூடிப் போனா புள்ளைங்க இல்லைன்னு ஆயிருமா? அது என்னாங்க டீச்சர் கணக்கு?" என்றார். எனக்கு அழுகை முட்டியது. அவருக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "போனை எல்லாம் கீழ போடுங்க, கை நோகும்," என்று சத்தம் போட்டேன்.

பிள்ளைகள் கையை இறக்கினார்கள். ஒருத்தி மட்டும் இறங்கி என் பக்கத்தில் வந்தாள். மெலிந்த பெண், அந்தக் குரலுக்கு நான் நினைத்திருந்ததைவிட உயரம்.

"கிளாச நிப்பாட்டிட்டாங்களா டீச்சர்?"

"ஓ. இந்த மாசத்தோட முடியுது. மேல எழுதியாச்சு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள். பிறகு மிகச் சாதாரணமாக, பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஆன்லைனத்தானே டீச்சர் நிப்பாட்டினாங்க. நீங்க சயன்ஸ் டீச்சர்தானே?"

எனக்குச் சுரீரென்றது. எத்தனை மாதமாக ஓடினேன், ரவுட்டரைத் தட்டினேன், பணிப்பாளரோடு மல்லுக்கட்டினேன். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு பஸ், ஒரு த்ரீவீல், ஒரு ஏற்றம். என்னிடம் நூறு காரணம் இருந்தது. வீடு, மகள், கடை, அனுமதி, அட்டை. அவள் பதிலுக்காக நின்றாள். பாறையிலிருந்த எல்லாரும் நின்றார்கள்.

"வாரேன்," என்றேன். சொன்ன மறுகணமே பயந்துபோனேன்.

"எந்தக் கெழம டீச்சர்?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டேன். பணிப்பாளரிடமும் கேட்கவில்லை, வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை.